மருத்துவருக்கு மூன்று முகம் என்று பாடிய யூரிசியஸ் கோர்டஸ்

உங்கள் கேள்வி இதுதான்: "மருத்துவருக்கு மூன்று முகங்கள், தேவதூதன், கடவுள், சாத்தான் என்று ஒரு பழைய லத்தீன் கவிதையை டாக்டர்கள் கூட்டத்தில் மேற்கோள் காட்டினார்கள். எழுதியவர் கோர்டஸ் என்றார்கள். யார் இவர்? பொழுதுபோக்குக்குக் கவிதை எழுதிய டாக்டரா? இந்த நாலு வரியைத் தாண்டி அவரிடம் படிக்க ஏதாவது இருக்கிறதா?" பெயரையும் ஊரையும் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் மருத்துவம் பார்க்கிற ஒருவர் ஏன் லத்தீனில் யாப்பு பிடித்து எழுத வேண்டும் என்பதே உங்கள் உண்மையான கேள்வி என்று படுகிறது. கோர்டஸ் விஷயத்தில் கதை தலைகீழ். முதலில் கவிஞர். முப்பத்தைந்து வயதுவாக்கில், பிழைப்புக்கு வழி தேடித்தான் மருத்துவர் ஆனார். கவிதையில் பழகிய சொல்லாராய்ச்சிதான் பிறகு அவருடைய மருத்துவமாகவும் ஆனது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம், இல்லாவிட்டால் தேடினாலும் கிடைக்க மாட்டார். மருத்துவ இதழ்களில் இந்தக் கவிதை வரும்போது பல இடங்களில் 'என்ரிகஸ் கோர்டஸ்' என்று அச்சாகியிருக்கும். லத்தீன் எழுத்தில் 'யு'வைத் தலைகீழாகக் கோத்தால் 'என்' ஆகிவிடும். ஒருவர் செய்த பிழையைப் பார்த்து அடுத்தவர் எழுதி அப்படியே நிலைத்துவிட்டது. இயற்பெயர் ஹைன்ரிஷ். குடும்பப் பெயரை ரிட்ஸெ என்றும் சோல்டே என்றும் நூல்கள் வேறுவேறாகத் தருகின்றன. ஹைன்ரிஷைச் சுருக்கி லத்தீனாக்கி 'ரிகியுஸ்' (ரிசியஸ் என்றும் ஒலிப்பார்கள்) என்று வைத்துக்கொண்டார். பிறகு 'நல்ல' என்று பொருள்படும் கிரேக்க முன்னொட்டு சேர்ந்து யூரிசியஸ் ஆனது. 'கோர்டஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குப் பருவம் தப்பிப் பிறந்தது என்று பொருள், பிந்திப் பிறந்த ஆட்டுக்குட்டியைச் சொல்வது. வீட்டின் கடைக்குட்டி என்பதால் அவரே சூட்டிக்கொண்ட பெயர் அது. ஊர் ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியில், மார்புர்க் நகருக்கு அருகே உள்ள சிம்ட்ஸ்ஹவுசன் என்ற சிற்றூர். அதனால் பழைய முகப்புப் பக்கங்களில் 'சிமெசூசியுஸ்' என்ற ஊர்ப்பெயரும் ஒட்டியிருக்கும். பிறந்த ஆண்டில் ஒத்த கருத்து இல்லை. 1486 என்பது பரவலாகச் சொல்லப்படுவது, 1484 என்பாரும் உண்டு. இறந்த நாள் தெளிவு: 1535 டிசம்பர் 24, பிரேமன் நகரில்.

இன்னொரு சொல்லிலும் கவனம் வேண்டும். இவரை 'ஹியூமனிஸ்ட்' என்று குறிப்பிடுவார்கள். அதை 'மனிதநேயர்' என்று தமிழாக்கினால் ஏழைகளுக்கு இலவச வைத்தியம் பார்த்தவர் என்ற எண்ணம் வந்துவிடும். 15, 16ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. கிரேக்க, லத்தீன் நூல்களை உரைகளின் வழியே படிக்காமல் மூலத்திலேயே படித்து, ஏடு எடுத்தவர்களின் பிழைகளைக் களைந்து, அந்த நடையிலேயே எழுதவும் பழகியவர்கள் அவர்கள். நம்மூரில் சுவடி ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த பதிப்பாசிரியரையும் மரபுக்கவிஞரையும் ஒரே ஆளாகச் சேர்த்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதுதான்.

ஜெர்மனியின் எர்ஃபுர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கே முத்தியானுஸ் ரூஃபுஸ் என்ற அறிஞரைச் சுற்றி ஓர் இளைஞர் கூட்டம் இருந்தது. அதில் எயோபானுஸ் ஹெஸ்ஸுஸ் பெரிய கவிஞர், கோர்டஸுக்கு ஆயுள் முழுதும் நண்பர், அதே ஹெஸ்ஸே மண்ணின் பிள்ளை. கோர்டஸின் பெயர் வெளியே தெரிந்தது 1514இல் வந்த பத்து இடையர் பாடல்களால். பழைய ரோமானியக் கவிஞர் விர்ஜில் வகுத்த அச்சுதான், இரண்டு இடையர்கள் மரநிழலில் பேசிக்கொள்வார்கள். ஆனால் கோர்டஸின் இடையர்கள் வரியையும் பாதிரிமாரின் பேராசையையும் பேசுகிறார்கள். ஹெஸ்ஸே நாட்டுக் குடியானவர் பாடு உள்ளே வந்துவிடுகிறது. பிறகு 1517இல் குறுங்கவிதைகள் வரத் தொடங்கின. லத்தீனில் எபிகிராம் என்பார்கள்: இரண்டு, நான்கு, ஆறு வரி, கடைசியில் ஒரு குத்து. 1520இல் அது மூன்று பாகமாகப் பெருத்தது, அவர் காலத்துக்குப் பின் வந்த தொகுப்புகளில் இன்னும் பல பாகங்கள். அவருடைய உண்மையான திறமை இதில்தான் என்பது என் கணிப்பு. இடையர் பாடல்களில் விர்ஜிலின் நிழல் விலகுவதே இல்லை. குறுங்கவிதையில் ஆள் தனித்துத் தெரிகிறார்.

இதில் வருமானம் என்ன என்று கேட்டால், ஏறக்குறைய ஒன்றுமில்லை. நூலை ஒரு பிரபுவுக்குக் காணிக்கை வைத்தால் ஏதாவது கைக்கு வரும். கல்யாணம், இழவு, பட்டமேற்பு என்று பாட்டெழுதிக் கொடுத்தால் கொஞ்சம் கிடைக்கும். மற்றபடி பள்ளி வாத்தியார் வேலை. எர்ஃபுர்ட்டில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியராக இருந்து குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்தவரை, கியோர்க் ஷ்டுர்ட்ஸ் என்ற வசதியான நண்பர் தன் செலவில் இத்தாலிக்கு அழைத்துப் போனார். 1521இல் ஃபெராராவில் மருத்துவப் பட்டம். ஃபெராராவில் பட்டம் வாங்கும் செலவு பதுவா, போலோனாவைவிடக் குறைவு. வேறிடத்தில் படித்துவிட்டுப் பட்டம் மட்டும் அங்கே வாங்கியவர்கள் ஏராளம், கோப்பர்னிகஸ்கூட 1503இல் தன் சட்டப் பட்டத்தை அங்கேதான் வாங்கினார். ஆனால் கோர்டஸுக்கு ஃபெராரா சிக்கனத்தைவிட முக்கியமான ஒன்றைக் கொடுத்தது. அங்கே நிக்கோலோ லியோனிசேனோ என்ற தொண்ணூறு தாண்டிய பேராசிரியர் இருந்தார். ரோமானியரான பிளினியின் மருத்துவக் குறிப்புகளில் எத்தனை செடிகள் பெயர் மாறிப்போயிருக்கின்றன என்று 1492இலேயே புத்தகம் போட்டுச் சண்டைக்கு இழுத்தவர். ஒரு கிரேக்கச் சொல்லைத் தப்பாகப் படித்தால் நோயாளி தப்பான வேரைக் குடிப்பார் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். சொல்லைத் துல்லியமாகப் பார்க்கப் பழகிய ஒரு கவிஞனுக்கு இதைவிடப் பொருத்தமான மருத்துவப் பள்ளி கிடைத்திருக்காது.

இனி அந்த நாலு வரி. பெயர்ப்பில் பாதி போய்விடுவதால் ஒலியோடு தருகிறேன். "த்ரேஸ் மெதிகுஸ் ஃபகியேஸ் ஹபெத்: ஊனம் குவந்தோ ரொகாதுர் / ஆங்கெலிகம், மொக்ஸ் எஸ்த், கும் யுவத், இப்ஸெ தெயுஸ். / போஸ்த் உபி கூராதோ போஸ்கித் சுவ ப்ரைமிய மொர்போ, / ஹொர்ரிதுஸ் அப்பாரெத் தெர்ரிபிலிஸ்குவெ சதான்." பொருள்: மருத்துவனுக்கு முகம் மூன்று. வரச்சொல்லி வேண்டும்போது ஒன்று, தேவதூதன் முகம். சற்று நேரத்தில், அவன் கைகொடுக்கும்போது, அவனே கடவுள். பிறகு நோய் தீர்ந்து, தனக்குரிய கூலியை அவன் கேட்கையில், கோரமாய், அச்சமூட்டுபவனாய்த் தோன்றுகிறான், சாத்தான்.

ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ என்று நாம் சொல்வதுதான் கரு. கரு புதிதில்லை. வலி இருக்கும்போதே கூலியை வாங்கிவிடு என்று இத்தாலியின் சலெர்னோ மருத்துவப் பள்ளியின் பெயரால் வழங்கிய பழைய லத்தீன் வாய்மொழிகள் ஏற்கெனவே உண்டு. கோர்டஸ் செய்தது கட்டமைப்பு. இரண்டாம் வரி தொடங்கும் சொல் 'தேவதூத', முடியும் சொல் 'கடவுள்'. நான்காம் வரியில், அதே கடைசி இடத்தில், கவிதையின் இறுதிச் சொல்லாக 'சாத்தான்' நிற்கிறான். கடவுளும் சாத்தானும் ஒரே நாற்காலியில் மாற்றி மாற்றி உட்காருகிறார்கள். வினைகளையும் பாருங்கள். முதலில் 'ரொகாதுர்', செயப்பாட்டு வினை: அவன் வேண்டப்படுகிறான், சும்மா இருக்கிறான். மூன்றாவதில் 'போஸ்கித்', உரிமையோடு கேட்கிறான். கேட்பது 'சுவ', அவனுடையதையே. அவன் தோற்றத்துக்கான வினை 'அப்பாரெத்', அதாவது கண்ணுக்கு அப்படிப் படுகிறான். முகம் மாறியது பார்ப்பவன் கண்ணில்தான், மருத்துவன் மாறவில்லை. ஆகவே இதைப் 'பணப்பேய் டாக்டர்' என்று கேலி செய்யும் கவிதையாக மேற்கோள் காட்டுவது பிழை. கவிதை மருத்துவர் பக்கம் நிற்கிறது.

இது எவ்வளவு புதியது என்று தெரிய வேண்டுமானால் மார்ஷியலோடு ஒப்பிட வேண்டும். குறுங்கவிதைக்கு எல்லோருக்கும் முன்மாதிரி, முதல் நூற்றாண்டு ரோமானியர் அவர். அவருடைய ஒரு கவிதையில் தியவுலுஸ் முன்பு மருத்துவன், இப்போது பிணம் தூக்குகிறவன். இப்போது செய்வதைத்தான் மருத்துவனாக இருந்தபோதும் செய்தான் என்று முடிப்பார். இன்னொன்றில் சிம்மாகுஸ் என்ற மருத்துவர் நூறு மாணவர்களோடு வந்து, வாடைக்காற்றில் விறைத்த நூறு கைகளால் தொட்டுப் பார்க்கிறார்: எனக்குக் காய்ச்சல் இல்லை சிம்மாகுஸ், இப்போது இருக்கிறது. இரண்டிலும் பேசுகிறவன் மருத்துவன் அல்ல. கோர்டஸ் அதே கருவியைத் திருப்பிப் பிடித்துக் கட்டிலின் மறுபக்கத்திலிருந்து பேசினார்.

யாப்பைப் பற்றியும் கொஞ்சம். இது ஈரடிகள் இரண்டு சேர்ந்த செய்யுள். முதலடி ஆறு சீர், நெடில் இரண்டு மாத்திரை, குறில் ஒன்று என்று எண்ணினால் மொத்தம் 24. இரண்டாமடி இரண்டரை சீர், நடுவில் ஒரு வெட்டு, மறுபடி இரண்டரை சீர்: 20 மாத்திரை. நீளமாய் ஏறி, குறுகி இறங்கும் இந்த நடைதான் குத்தல் கவிதைக்கு ஏற்றது. அலகிடும்போது தமிழர்கள் தடுமாறும் இடம் ஒன்று. லத்தீனில் குறிலோடு ஒற்று சேர்ந்தால் அது நெடிலுக்குச் சமம், நம்மைப்போல் ஒற்றை விட்டுவிட முடியாது. ஆனால் ஒரு சொல் மெய்யில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால் அந்த மெய் அடுத்த உயிரோடு ஏறிக்கொள்ளும், இது நம் புணர்ச்சியேதான். 'ஹபெத் ஊனம்' என்பதை 'ஹபெ தூனம்' என்று பிரிக்க வேண்டும். அப்போது 'பெ' குறிலாகி, 'த்ரேஸ்மெதி / குஸ்ஃபகி / யேஸ்ஹபெ / தூனம் / குவந்தொரொ / காதுர்' என்று ஆறு சீர் சரியாக விழும். மூன்றாம் சீரில் ஒற்றுப் பிசகினால் அடி முழுதும் கலைந்துவிடும்.

பட்டத்தோடு திரும்பியவர் 1523இல் பிரவுன்ஷ்வைக் நகர மருத்துவர் ஆனார். நகரசபை சம்பளம் கொடுக்கும் பதவி. சமயச் சீர்திருத்தக்காரரான லூதர் பக்கம் வெளிப்படையாக நின்றவர் என்பதால், 1528வரை பழைய கத்தோலிக்கச் சபையிலேயே இருந்த அந்த நகரம் அவருக்கு ஒத்துவரவில்லை. 1525இல் லூதரின் எதிரிகளைத் தாக்கி ஒரு நீண்ட கவிதையும் அச்சிட்டார். 1527இல் ஹெஸ்ஸேயின் இளவரசர் பிலிப், மார்புர்க்கில் புதிய பல்கலைக்கழகம் தொடங்கியபோது மருத்துவப் பேராசிரியராக அழைத்துக்கொண்டார்.

மார்புர்க்கில் 1529ஆம் ஆண்டுதான் இந்த மனிதரை முழுதாகக் காட்டுகிறது. அந்தக் கோடையில் இங்கிலாந்திலிருந்து கப்பல் வழியாக ஹம்புர்க் வந்து இறங்கிய 'வியர்வைக் காய்ச்சல்' ஜெர்மனி முழுதும் பரவியது. திடீர் நடுக்கம், பிறகு உடல் நனைய வியர்வை, பலர் ஒரே நாளில் இறந்தார்கள். அது எந்தக் கிருமி என்று இன்றும் முடிவாகவில்லை. ஹாண்டா வைரஸ் என்பது ஓர் ஊகம், நிரூபணம் இல்லை. நோயாளியைக் கம்பளியும் இறகு மெத்தையும் போட்டு மூடி 24 மணி நேரம் வியர்க்க வைப்பது அப்போது பரவிய வைத்தியம், அதில் மூச்சுமுட்டிச் செத்தவர்களும் உண்டு. கோர்டஸ் உடனே ஒரு சிறு கையேடு எழுதினார். கவனிக்க வேண்டியது மொழி: லத்தீனில் எழுதாமல் ஜெர்மனில் எழுதினார், யார் வேண்டுமானாலும் வாசித்துப் பயன்படட்டும் என்று. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் 4 வரை லூதரும் சுவிஸ் சீர்திருத்தக்காரர் ஸ்விங்லியும் மார்புர்க் கோட்டையில் எதிரெதிரே உட்கார்ந்து, நற்கருணை அப்பம் பற்றி 'இது என் உடல்' என்ற வசனத்தில் 'ஆகும்' என்ற ஒரு சொல்லுக்குப் பொருள் என்ன என்று வாதாடினார்கள். வந்திருந்த ஒவ்வொருவரையும் ஒரு அடைமொழியோடு பெயர் சொல்லி அழைத்து, திருச்சபை உங்கள் காலில் விழுந்து அழுகிறது, ஒன்றுபடுங்கள் என்று லத்தீன் அறுசீர் அடிகளில் கேட்டவர் கோர்டஸ். வாதம் முடிவுக்கு வரவில்லை. வியர்வைக் காய்ச்சல் ஊருக்குள் வந்துவிட, கூட்டத்தைச் சீக்கிரம் கலைத்துவிட்டார்கள்.

மருத்துவ நூல்களில் முக்கியமானது 1534இல் கொலோனில் அச்சான 'பொத்தனோலோகிகோன்'. நண்பர்கள் சேர்ந்து நடந்துகொண்டே செடிகளைப் பற்றி உரையாடுவதுபோல் அமைத்தது. சிக்கல் இதுதான்: மருந்துக்கு அடிப்படை நூல் தியோஸ்கோரிதெஸ் முதல் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதியது, அவர் விவரித்த சுமார் 600 செடிகளும் பெரும்பாலும் மத்தியதரைக் கடலோரத்தவை. ஹெஸ்ஸே மலைக்காட்டில் அவற்றில் பல முளைக்கவே முளைக்காது. மருந்துக்கடைக்காரர்கள் உள்ளூரில் ஓரளவு ஒத்த செடிக்கு அந்தக் கிரேக்கப் பெயரைச் சூட்டி விற்றார்கள். சித்த மருத்துவத்தில் ஒரே பெயரில் வட்டாரத்துக்கு ஒரு மூலிகை வழங்குவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இது புரியும். கோர்டஸின் முறை ஒரு பதிப்பாசிரியரின் முறை. மூலத்தில் இலை, பூ, வேர், மணம், சுவை, வளரும் இடம் என்று என்னென்ன அடையாளம் சொல்லியிருக்கிறதோ அவற்றைக் கையிலிருக்கும் செடியோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்ப்பது. ஒன்று பொருந்தாவிட்டாலும் பெயர் செல்லாது. குறை என்னவென்றால் புத்தகத்தில் படம் கிடையாது. 1530இலேயே புருன்ஃபெல்ஸின் நூல் செடிகளை உயிரோடு பார்ப்பதுபோல் மரச்செதுக்குப் படங்களில் காட்டிவிட்டது. அதனால் அறிஞர்கள் கோர்டஸைப் படித்தார்கள், மற்றவர்கள் புருன்ஃபெல்ஸை வாங்கினார்கள். இதே கண்ணோடு 1532இல் திரியாக்கம் பற்றியும் எழுதினார். பாம்பிறைச்சி உட்பட அறுபதுக்கு மேல் சரக்கு சேரும் விஷமுறி அது, சரக்கு கூடக்கூடப் போலிக்கும் இடம் கூடும். நோயாளியைப் பார்க்காமல், உறவினர் குடுவையில் கொண்டுவரும் சிறுநீரை மட்டும் வைத்து நோய் சொல்லும் வழக்கத்தைச் சாடிய எழுத்து அவர் மறைந்தபின் 1540களில் அச்சானது.

உலகின் முதல் தாவரவியல் பூங்காவை மார்புர்க்கில் அமைத்தவர் கோர்டஸ் என்று சில இடங்களில் படிப்பீர்கள். அவர் அங்கே மருந்துத் தோட்டம் வைத்திருந்தார், மாணவர்களைச் செடி பார்க்கக் காட்டுக்கு அழைத்துப் போனார். அதுவரை சரி. பல்கலைக்கழகப் பூங்கா என்று முறையாகத் தொடங்கிய பெருமை 1544, 1545இல் வந்த பீசாவுக்கும் பதுவாவுக்கும்தான். மார்புர்க்கிலும் சகாக்களோடு சண்டை முற்றி, 1534இல் பிரேமனுக்குப் போனார். மறு ஆண்டே மரணம்.

தாவரவியலில் 'கோர்டஸ்' என்றால் பெரும்பாலும் மகன் வலேரியஸைக் குறிக்கும், 1515இல் பிறந்து 1544இல் ரோமில் 29 வயதில் இறந்தவர். ஈத்தர் தயாரிக்கும் முறையை எழுதியவரும், நியூரம்பர்க் நகரம் 1546இல் அதிகாரபூர்வ மருந்து நூலாக வெளியிட்ட தொகுப்பைச் செய்தவரும் அவர்தான். நம் ஊர் நறுவிலி மரத்தின் பேரினப் பெயரான 'கோர்டியா' இந்தக் குடும்பத்திலிருந்து வந்தது. மகன் பெயரால் என்று பல நூல்கள், இருவர் பெயராலும் என்று சில. சளிபோல் ஒட்டும் அந்தப் பழத்தைத் தின்றவர்களுக்கு இது ஒரு கூடுதல் செய்தி.

படிக்கத் தொடங்குவதானால் 1892இல் பெர்லினில் வந்த குறுங்கவிதைப் பதிப்பே வசதி, எழுத்து நவீனமாக இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் எழுத்தாளர் லெஸ்ஸிங் தன் குறுங்கவிதைகளுக்குக் கரு எடுத்த கிணறுகளில் கோர்டஸும் ஒன்று என்பதால் ஜெர்மன் தெரிந்தவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கவிதைகள் எல்லாம் ஒரே தரம் என்று எதிர்பார்க்காதீர்கள். எர்ஃபுர்ட் காலத்தில் திலோனினுஸ் என்ற போட்டிக் கவிஞரைத் தாக்கியவை அன்றைய வம்பு தெரியாதவருக்கு ருசிக்காது, பாதிரிமார் மேல் எழுதியவற்றில் ஒரே நகைச்சுவை திரும்பத் திரும்ப வரும். 16ஆம் நூற்றாண்டு அச்சின் ஸ்கேன்களில்தான் படிக்க முடிகிறது என்றால் மூன்றைப் பழகிக்கொள்ளுங்கள்: நீண்ட 'எஸ்' எழுத்து 'எஃப்' போலவே இருக்கும், 'யு'வும் 'வி'யும் இடம் மாறி வரும், உயிரெழுத்தின் மேல் ஒரு கோடு இருந்தால் அங்கே ஒரு 'ம்' அல்லது 'ன்' விழுங்கப்பட்டிருக்கிறது. அந்தக் கோட்டைக் கவனிக்காமல் அலகிட்டால் நெடிலாக வேண்டிய அசை குறிலாகி அடி உடையும், கவிஞர் தப்புச் செய்துவிட்டார் என்று தோன்றும்.